பழைய கசட்டுக்குப் புதிய பெட்டி

டொரொண்டோவில் வாழும் என் தம்பிக்குச் சென்ற மாதம் மாத்தளையிலிருந்து ஒரு பொதி போய்ச் சேர்ந்தது. அனுப்பியவன் எங்கள் தங்கையின் மகன். உள்ளே இருந்தது, தம்பி சிறுவனாக இருந்தபோது விளையாடிய டிவி கேமின் கசட் ஒன்று. அந்தக் கசட்டுக்கென்றே வரைந்து, அச்சிட்டு, மடித்து ஒட்டிய அழகான பெட்டியும், முகப்பில் பளபளக்கும் புதிய லேபலுமாக அது போயிருந்தது. பொதியைத் திறந்த கையோடு தம்பி எனக்குத் தொலைபேசினான். மகிழ்ச்சியைச் சொல்லத்தான் அழைக்கிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒரே கேள்வி.

"அண்ணே, நான் பேனாவால எழுதியிருந்தது எங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விடயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நின்டெண்டோ நிறுவனம் பெமிகொம் என்ற விளையாட்டுக் கருவியை ஜப்பானில் விற்பனைக்கு விட்டது 1983 ஜூலை 15ஆம் திகதி. (அதே மாதத்தின் கடைசி வாரத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று எங்கள் வீடுகளில் பேச்சு வேறாக இருந்தது.) 1985இல் அதே கருவி வேறு உருவமும் என்.இ.எஸ். என்ற வேறு பெயரும் பெற்று அமெரிக்காவுக்குப் போனது. ஜப்பானியக் கசட்டின் அடியில் 60 தொடுமுனைகள். அமெரிக்கக் கசட்டில் 72. ஒன்று மற்றதில் பொருந்தாது. எங்களுக்கு வந்து சேர்ந்தது இரண்டுமல்ல. ஜப்பானியக் கருவியைப் பார்த்துத் தாய்வானிலும் சீனாவிலும் செய்த நகல்களே எங்கள் கடைத்தெருக்களை நிறைத்தன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரில் ஒரு தலைமுறையே விளையாடியது இத்தகைய நகலில்தான்.

பேராதனையில் கலைப் பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், 1994ஆம் ஆண்டு, கொழும்பு புறக்கோட்டையில் ஒரு நடைபாதை வியாபாரியிடம் அந்தக் கருவியைத் தம்பிக்காக வாங்கினேன். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. கருவிக்கு ஒரு பெட்டி இருந்தது. கசட்டுக்கு இல்லை. வியாபாரி அதை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு முடிச்சிட்டுக் கொடுத்தார். எங்கள் ஊரில் கசட்டுக்குப் பெட்டி உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். தூசு படிந்தால் வாயால் ஊதுவோம்.

அந்தக் கசட்டின் லேபலில் இரண்டு கட்டுமஸ்தான சிப்பாய்கள் துப்பாக்கியுடன் நின்றார்கள். அவர்களுக்கு மேலே, 9999999 விளையாட்டுகள் ஒன்றில் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. ஒரு கோடிக்கு ஒன்றுதான் குறைவு! விளையாடிப் பார்த்தால் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் அதே ஆட்டம்தான் வேறு எண்ணில் வரும், வேகத்தை மாற்றியோ நடுக்கட்டத்திலிருந்து தொடங்கியோ. உண்மையில் இருந்தவை ஏழு. சிப்பாய்கள் கொன்ட்ரா என்ற ஆட்டத்துக்குரியவர்கள். அந்த ஆட்டம் கசட்டில் இல்லவே இல்லை. இரண்டு நாள் முழுக்க எண்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் என் தம்பி நீலநிறப் பேனாவை எடுத்தான். அந்த ஒன்பதுகளை எல்லாம் ஒரே கோட்டால் வெட்டினான். பக்கத்தில் 7 என்று எழுதினான். சிப்பாய்களின் காலடியில் எந்த எண்ணை அழுத்தினால் எந்த ஆட்டம் வரும் என்று பொடி எழுத்தில் குறித்து வைத்தான்.

எங்கள் குடும்பத்தில் பத்திரிகைக்காரன் நான்தான் என்பார்கள். முதல் பிரதி திருத்துநர் அவன் என்பது என் கருத்து.

அந்த லேபலைத்தான் மருமகன் கழற்றி எறிந்துவிட்டான்.

அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வரைகலை படித்தவன், வேலை முடிந்து வந்து இரவில் இதைச் செய்கிறான். அவன் மேசையருகே நான் மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் கசட்டின் நீள அகலத்தையும் தடிப்பையும் அளக்கிறான். அதற்கேற்பப் பெட்டியின் விரிந்த வடிவத்தை, மடிப்புக் கோடு எது, வெட்டுக் கோடு எது, பசை தடவும் விளிம்பு எது என்று கணினியில் வரைகிறான். அட்டையின் தடிப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். இல்லையேல் மூடி மூடாது. 300 ஜிஎஸ்எம் அட்டையில் அச்சிடுகிறான். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாதிருக்க, படத்தை வெட்டுக் கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீற்றர் நீட்டி வைக்கிறான். மை தீர்ந்த பேனாமுனையால் மடிப்புக் கோடுகளை அழுத்திக் கீறிய பிறகே மடிக்கிறான். அட்டையின் இழை எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்த்து வைக்காவிட்டால், மடிப்பில் மை வெடித்து வெண்மை தெரியும்; கறுப்புப் பெட்டி என்றால் இன்னும் மோசம். அப்படித் தெரிந்தால் கறுப்புப் பேனாவால் ஓரத்தைத் தடவி விடுகிறான். பழைய லேபலைக் கழற்றுவதற்கும் முறை இருக்கிறது. தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கிப் பசையை இளக்கி, மூலையிலிருந்து மெல்ல உரிக்க வேண்டும்; மிஞ்சிய பிசினை ஐசோபுரொபைல் அற்ககோலால் துடைக்க வேண்டும். இத்தனையும் அவனுக்கு அத்துப்படி. பேஜ்மேக்கரில் பக்கம் செய்து, வெட்டி ஒட்டி அச்சுக்கு அனுப்பிய காலத்தில் தொழில் கற்ற எனக்கு, இந்தக் கைச்சுத்தத்தை மதிக்காமல் இருக்க முடியாது.

ஒரு நாள் திருகாணியைக் கழற்றிக் கசட்டின் வயிற்றையும் காட்டினான். பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் பாதி இடம் வெறுமை. சிறிய பச்சைப் பலகை. அதன் நடுவே கறுப்புத் தார் சொட்டியதுபோல ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்தான் ஏழு ஆட்டங்களும்.

பிரச்சினை கைத்திறனில் இல்லை. எதை எதன்மேல் ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது.

லேபல் என்பது தொடக்கத்திலிருந்தே பொய்யுடன் நெருங்கிப் பழகிய பொருள்தான். 1977இல் அடாரி நிறுவனத்தின் கருவி வந்தபோது, திரையில் தெரிந்தவை சில சதுரங்களும் கோடுகளும்; பெட்டியின் மீதோ கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் தீட்டிய, சினிமாச் சுவரொட்டிக்கு ஒப்பான வண்ண ஓவியங்கள். வாங்கியவர்கள் மீதியைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டார்கள். 1983இல் அமெரிக்காவில் அந்தத் தொழிலே சரிந்து விழுந்த பிறகு அங்கே போன நின்டெண்டோ வேறு வழி எடுத்தது. 1985இன் முதல் பெட்டிகள் கறுப்பு நிறம். படத்தில் இருந்தவை திரையில் தெரியும் அதே கட்டம் கட்டமான உருவங்கள். உள்ளே இருப்பதுதான் வெளியே என்று காட்டும் பெட்டி. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். பின்னர் அவர்களும் ஓவியத்துக்குத் திரும்பினார்கள் என்பது வேறு கதை. 1987இல் அமெரிக்காவில் வெளியான மெகா மேன் பெட்டியைப் பார்த்தவர்கள் இன்றும் சிரிக்கிறார்கள்: ஆட்டத்தில் வருவது நீலநிறச் சிறுவன், அட்டையில் நிற்பது நடுத்தர வயதுக்காரர் ஒருவர்!

இவை எல்லாம் ஒரு வகை மிகைப்படுத்தல். வியாபாரத்தில் அது வழக்கம். நமது நகல் கசட்டுகளின் லேபல்கள் செய்தது அதற்கும் ஒரு படி மேலே. இல்லாத ஆட்டத்தின் படம், இல்லாத எண்ணிக்கை. அந்தப் பொய்யைப் பதின்மூன்று வயதுப் பையன் கண்டுபிடித்து வெட்டித் திருத்தினான். முப்பது ஆண்டுகள் கழித்து மருமகன் செய்தது என்ன? மிகுந்த அன்போடும் உழைப்போடும் பழைய பொய்யைத் திரும்ப வைத்து, திருத்தத்தை நீக்கிவிட்டான். புதிய லேபலில் அதே சிப்பாய்கள். பெட்டியோ அமெரிக்க என்.இ.எஸ். பெட்டியின் அளவு; ஜப்பானிய வடிவில் இருக்கும் எங்கள் சிறிய கசட் அதற்குள் மாங்காய்க் கூடையில் நெல்லிக்காய்போல உருண்டது. அதற்காக உள்ளே பஞ்சணையும் வைத்திருந்தான். போதாததற்கு மூலையில் நின்டெண்டோவின் பொன்னிறத் தர முத்திரை! அந்த நிறுவனம் கண்ணாலும் கண்டிராத கசட்டுக்கு அந்த நிறுவனத்தின் உத்தரவாதம்.

"மாமா, பழைய லேபல் பாதி கிழிஞ்சு அழுக்கா இருந்துச்சு. சின்ன மாமா புதுசாப் பார்த்தா சந்தோஷப்படுவாருன்னு நெனச்சேன்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் உலகில் எல்லோரும் சந்தோஷத்துக்காகவே இதைச் செய்வதில்லை. பழைய விளையாட்டுகள் இன்று பெரும் பணம். 2021 ஜூலையில் உறை பிரிக்காத சுப்பர் மாரியோ 64 ஒன்று அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனது. அதே மாதம் செல்டா கசட் ஒன்று 8 இலட்சத்து 70 ஆயிரம் டொலர். விலை கிடைத்தது ஆட்டத்துக்கா? அந்த ஆட்டங்களைச் சில டொலர் கொடுத்தால் எவரும் விளையாடலாம். விலை கிடைத்தது பெட்டிக்கு, பிரிக்காத உறைக்கு. பெட்டிக்கு அந்த மதிப்பு வந்துவிட்டால், அச்சு அசலான புதிய பெட்டி வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது. ஒருவர் ஆசைக்குச் செய்து அலுமாரியில் வைத்த பெட்டி, நாலு கை மாறினால் அசலாகிவிடும். முதல் கையில் இருந்தவர் நல்லவர் என்பதால் நாலாவது கையில் ஏமாறுபவருக்கு ஒரு பயனும் இல்லை. அடுத்தவருடைய வணிகச் சின்னத்தை அச்சிட்டு விற்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. அதை வழக்கறிஞர்களுக்கு விடுகிறேன்.

நிற்க. லேபல் விடயத்தில் நான் உபதேசம் செய்ய யோக்கியனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், மலையகத்து மண்சரிவுச் செய்தி ஒன்றுக்குப் படம் தேவைப்பட்டது. செய்தியாளரின் படம் வந்து சேரவில்லை. முன்னொரு ஆண்டில் எடுத்த படத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் போட்டோம். படக்குறிப்பு இரண்டாம் வரிக்கு ஓடியது. இடம் போதவில்லை. கடைசியில் இருந்த 'கோப்புப் படம்' என்ற இரண்டு சொற்களை வெட்டியவன் நான். மறுநாள் லண்டனிலிருந்து ஒரு பெண் அழைத்தார். படத்தில் இருந்த லயன் வீடுகளை அவர் அடையாளம் கண்டிருந்தார். தாயும் தந்தையும் இருந்த லயன். தோட்டத்துக்குத் தொலைபேசி கிடைக்காமல் இரவு முழுக்க அழுதிருக்கிறார். பெற்றோருக்கு ஒன்றும் ஆகவில்லை. மண் சரிந்தது வேறு தோட்டத்தில். மறுநாள் உள்பக்கத்தில் சிறியதாக ஒரு வருத்தம் தெரிவித்தோம். அந்தப் பெண்ணின் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. படம் பொய்யல்ல, உண்மையாகவே நடந்ததன் படம்தான். எப்போது, எங்கே என்று சொல்லும் இரண்டு சொற்கள் இல்லாததே அதைப் பொய்யாக்கியது.

இதைவிடச் சரியான முறை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. மாத்தளை நகருக்கு வடக்கே சுமார் மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரை. வாய்மொழியாக வந்த பௌத்த திரிபிடகம் வலகம்பா மன்னன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில், அங்கேதான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. அங்கிருந்த பழைய சுவடிகள் 1848இன் மாத்தளைக் கிளர்ச்சியை வெள்ளையர் அடக்கியபோது அழிந்தன. இன்றும் அங்கே போனால் எழுத்தாணியால் ஓலையில் கீறி, கரியும் எண்ணெயும் தடவித் துடைத்து எழுத்தைத் தெரியவைப்பதைக் காட்டுவார்கள். கட்டிய சுவடிக்கு மேலும் கீழும் இரண்டு மரப்பலகைகள். தமிழில் அதைக் கம்பை என்போம், சிங்களத்தில் கம்ப. நூலுக்கு ஒரு பெட்டி என்றால் அதுதான்.

அந்தப் பலகைகளை அலங்கரிக்கும் கலையும் மாத்தளை மாவட்டத்தில் உண்டு. ஹபுவிட என்ற ஊரில் அரக்கைச் சூடாக்கி நூல்போல இழுத்து, பெருவிரல் நகத்தால் அழுத்தி அழுத்தி மரத்தின்மேல் கோலம் ஆக்குவார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இந்த நகவேலையைப் பதிந்து வைத்தார். நான் சொல்ல வருவது இதுதான்: பலகை உளுத்தால் புதுப்பலகை போடலாம், அதில் எவ்வளவு வேண்டுமானாலும் கோலம் இடலாம். ஓலையில் இருக்கும் எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக யாரும் கீறுவதில்லை. ஓலையே செல்லரித்தால் வேறு ஓலையில் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதிய தமிழ்ச் சுவடிகள் பலவற்றில், எழுதி முடித்த ஆண்டும் மாதமும் எழுதியவர் பெயரும் கடைசி ஏட்டில் இருக்கும். இது நான் செய்த பிரதி என்று சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை.

ஆகவே என் கட்சி இது. பெட்டி செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். பெட்டி கசட்டுக்கு வெளியே இருக்கும் பொருள். பழையதைத் தொடாமல் காப்பது. லேபலைத் தொடாதீர்கள். அது கிழிந்திருந்தாலும், அழுக்கேறியிருந்தாலும், பொய்யே சொன்னாலும் அப்படியே இருக்கட்டும். ஒன்றுமே மிஞ்சாமல் வெறும் பிளாஸ்டிக்காக வந்து சேரும் கசட்டுக்கு மட்டும் புதிய லேபல் ஒட்டலாம். எதைச் செய்தாலும் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் அச்சிலேயே சேருங்கள், உரித்தெடுக்க முடியாத இடத்தில். ஆட்ட நிலையைச் சேமிக்கும் கசட்டுகளில் உள்ளே ஒரு மின்கலம் இருக்கும். அதை மாற்றினால் மாற்றிய திகதியையும் பெட்டியின் உட்புறத்தில் எழுதிவிடுங்கள். அடுத்தவர் நன்றி சொல்வார்.

சேகரிப்பாளர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அலுமாரியில் வரிசையாக ஒரே அழகில் நிற்க வேண்டும், நடுவே ஒன்று மட்டும் பேனாக் கிறுக்கலோடு நின்றால் கண்ணை உறுத்துகிறது என்பார்கள். உறுத்தட்டும்.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. நமது பிள்ளைகள் ஏன் ஜப்பான்காரரும் அமெரிக்கரும் சிறுவயதில் கையில் பிடித்த பெட்டியையே திரும்பச் செய்கிறார்கள்? அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. இல்லாத ஒன்றுக்கு எதற்கு ஏக்கம்? புறக்கோட்டை நடைபாதையில் சொப்பிங் பேக்கில் வாங்கி, மாத்தளையில் பிஸ்கட் டின்னில் வாழ்ந்த கசட்டுக்கு, அந்தக் கதையைச் சொல்லும் பெட்டி செய்யலாமே. தமிழில் எழுதலாம். பக்கத்து வீட்டுச் சிங்களப் பையன்களும் முஸ்லிம் பையன்களும் சேர்ந்துதானே விளையாடினார்கள், சிங்களத்திலும் எழுதலாம்.

மருமகனிடம் இதைச் சொன்னபோது தொழில்நுட்பத் தடை ஒன்றைச் சொன்னான். பெட்டியின் முதுகு குறுகலானது. ஆங்கிலத்தில் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடலாம். தமிழில் அடுக்கினால் மென்பொருள் 'கொ'வின் கொம்பை ஓரிடத்திலும் காலை வேறிடத்திலும் பிரித்துப் போடுகிறதாம். ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகக் கையால் வைக்க வேண்டியிருக்கிறது. கையால் வை என்றேன். ஒற்றைப் பத்தித் தலைப்புக்குள் அமைச்சர் ஒருவரின் முழுப் பெயரை அடக்கியவர்கள் நாங்கள்.

இப்போது அவன் இரண்டாவது பெட்டி செய்துகொண்டிருக்கிறான். கசட்டின் அளவுக்கே பொருந்தும் சிறிய பெட்டி. பொன் முத்திரை இல்லை, சிப்பாய்கள் இல்லை. பின்புறத்தில், தம்பி எழுதியிருந்த பட்டியலை அப்படியே அச்சிட வேண்டும் என்பது அவன் யோசனை. தொலைந்த கையெழுத்தை யாராலும் மீட்க முடியாது; பட்டியலையாவது மீட்கலாம். போன ஞாயிறு தம்பி தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சுப்பர் மாரியோ, டாங்க், ரோட் ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, கலகா, போம்பர்மேன். ஆறு. ஏழாவது என்ன என்று அவனுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை, தங்கைக்கும் நினைவில்லை. போட்டுப் பார்த்துச் சொல்லலாம் என்றால், கசட் டொரொண்டோவில் இருக்கிறது; கருவி மாத்தளையில் இருக்கிறது. ஏழாவது வரியை வெறுமையாக விட்டு அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.